லோஷினிக்கு எட்டு வயதானது

ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாமில் பானைக் கடைகளுக்குப் பின்புறம் குடியிருக்கும் லோஷினி, தொண்ணூற்றெட்டாம் ஆண்டிலிருந்து ஏழு வயதிலேயே இருந்தாள். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டை முடிப்பாள், புது ஆண்டு தொடங்கியதும் மறுபடி முதலாம் ஆண்டிலேயே போய் உட்காருவாள். அவளோடு சேர்ந்து படித்த மலர் அதே வகுப்புக்கு ஆசிரியையாக வந்து, "லோஷினி, பேசாம எழுது" என்று அதட்டும் காலமும் வந்தது. அடையாள அட்டை எடுக்கப் போனபோது, பிள்ளை வளர்ந்த பிறகு கூட்டி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

இதற்குக் காரணம் தொலைக்காட்சி நிலையம்தான். இதில் மென்று விழுங்க ஒன்றுமில்லை. அப்போதெல்லாம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் செல்லப்பன் மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு சிறுவர் நிகழ்ச்சி நடத்துவார். கடைசியில் பிறந்தநாள் பிள்ளைகளின் பெயர்களைப் படிப்பார். ஜொகூர்த் தமிழர் வீடுகளில் கேக்கை மேசையில் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, அக்கம்பக்கத்தாரோடு டிவி முன்னால் நிற்பார்கள். செல்லப்பன் பெயரைச் சொன்ன பிறகுதான் கத்தி கேக்கில் இறங்கும். லோஷினியின் எட்டாவது பிறந்தநாளன்று எல்லாரும் அப்படி நிற்க, ஐந்து மணிக்கு மல்யுத்தம் ஓடியது. வெளிநாட்டுப் படம் வாங்கிப் போட்டால் வேலை சுலபம் என்று யாரோ ஓர் அதிகாரி முடிவெடுத்து, நிகழ்ச்சியை நிறுத்தியிருந்தார். செல்லப்பனுக்கே அதைச் சொன்னவர் வாசல் காவலாளிதான். பிள்ளைகள் அனுப்பிய அட்டைகளைக் குப்பையில் கொட்டினார்கள், பழைய நாடாக்களை அழித்துப் பந்தாட்டம் பதிவு செய்தார்கள். லோஷினியின் அம்மா வெள்ளையம்மா மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். "அவங்க பேரு சொல்லட்டும், அப்புறம் வெட்டலாம்" என்றார். மறுநாள் காலையில் லோஷினிக்கு எட்டு ஆகவில்லை.

செய்தி செல்லப்பனை எட்டியது. அவர் பெர்மாஸ் ஜெயாவில் குடியிருந்துகொண்டு, தினமும் விடியுமுன் பஸ் ஏறிச் சிங்கப்பூர்க் கிடங்கில் பெட்டி கட்டப் போய்க்கொண்டிருந்தார். ஆண்டுதோறும் லோஷினியின் பிறந்தநாளுக்குப் பழைய புரோட்டோன் காரில் வந்துவிடுவார். உள்ளே எல்லாம் கழற்றிய ஒரு டிவிப் பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, பழைய குரலில் பெயரைப் படிப்பார். லோஷினி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"வெட்டுங்கக்கா, அதான் படிச்சிட்டேன்ல."

"நீங்க என்னா செய்வீங்க தம்பி. தப்பு செஞ்சவங்க சொல்லணும். டிவியில வரணும் லா."

வெள்ளையம்மா பிடித்த பிடியை விடவில்லை. ஒரே ஒரு நிமிடம் கொடுங்கள் என்று நிலையத்துக்கு நடையாய் நடந்தார். அதற்கெல்லாம் நேரமில்லை என்றார்கள். அவருக்கு அறுபது தாண்டியது, முட்டி தேய்ந்தது, கணவரும் போய்ச் சேர்ந்தார். நான் கண்ணை மூடினால் இந்த ஏழு வயதுப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற பயம் சோற்றை இறங்கவிடவில்லை.

போன ஆண்டு செல்லப்பன், சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் நின்ற பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். உடனே எல்லாருக்கும் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் பெட்டி தூக்கிய காலத்தில் ஒரு போன் போடாதவர்களெல்லாம் ஃபேஸ்புக்கில் அழுதார்கள். நிமிடம் இல்லாத நிலையம், பத்து பாகாட் ஊரில் மண்டபம் எடுத்து இரண்டு மணி நேர நேரடி அஞ்சலி நடத்தியது. புதிதாகத் தைத்த மஞ்சள் கோட்டு ஒன்றை மேடையில் தொங்கவிட்டார்கள். நிகழ்ச்சியை நிறுத்திய அதே அதிகாரி, இப்போது தலைவராகி, தலைக்கு மை பூசி, "நம்ம குடும்பத்து மாமா" என்று கண்ணைத் துடைத்தார். கேட்கவே வயிறு எரிந்தது.

வெள்ளையம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையேறிக் கேட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் தலைவரால் மறுக்க முடியவில்லை. பிள்ளையை அணைத்துக்கொண்டு, "லோஷினிக்கு எட்டாவது பிறந்தநாள் வாழ்த்துகள்!" என்றார். மண்டபம் கைதட்டியது. வெள்ளையம்மா கேட்டது அத்தனையும் டிவியிலேயே வந்துவிட்டது. லோஷினி அப்படியே ஏழாக நின்றாள். இந்த வாய்க்காகவா, வீடு தேடி வந்து படித்த மனிதரை ஆண்டுதோறும் திருப்பி அனுப்பினோம் என்று வெள்ளையம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. மைக்கைப் பிடுங்கினார்.

"நீ குடுக்குற வயசு எம்மவளுக்கு வேணாம். செல்லப்பன் தம்பி எங்க வீட்டுல படிச்சாரு. அதுதான் கணக்கு. இவளுக்குப் பதினெட்டு ஆகுற வரைக்கும் நான் சாக மாட்டேன், தெரிஞ்சுக்க."

அதற்குள் விளம்பரம் போட்டுவிட்டார்கள். வீடு திரும்பும் பஸ்ஸில், பாரிட் ராஜா ஊரைத் தாண்டும்போது லோஷினிக்கு முன்பல் ஒன்று விழுந்தது. விட்டுப்போன வயதெல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடுமோ என்று மலருக்குப் பயம். அப்படி ஒன்றும் ஆகவில்லை, எட்டுதான். இந்த ஆண்டு அவள் இரண்டாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கிறாள். மரண சகாய நிதிக்குச் சந்தா வாங்க வருகிறவர், இன்னும் பத்து ஆண்டுக்கு இங்கே வேலையில்லை என்று வெள்ளையம்மாவின் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.