நாலு எம்.எம். அதிகம்

பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து ஃபகருன்னிசாவுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. டிப்ளமோ முடித்து மூன்று வருடமாக ஓசூர் சிப்காட்டில் அந்தப் பட்டறையில் வரைபடம் போடுகிறாள். ஜெனரேட்டருக்கான கன்ட்ரோல் பெட்டிகள் செய்கிற இடம். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவாள்.

1997 தொடக்கத்தில், பெட்டியை முப்பரிமாணத்தில் வரைந்து அனுப்பினால்தான் ஆர்டர் என்று பெங்களூர் கம்பெனி ஒன்று சொல்லிவிட்டது. முதலாளி சௌந்தரராஜன் ஒரு கம்ப்யூட்டரும் அதற்கான சாஃப்ட்வேரும் வாங்கினார். ஐந்து நாள் பயிற்சிக்கு, அவளோடு வரைபடம் போடும் மூர்த்தியைத்தான் பெங்களூருக்கு அனுப்பினார். பெண்பிள்ளையை அனுப்பினால் உங்கள் வீட்டில் சம்மதிப்பார்களோ என்னவோ என்று அவளிடம் சொன்னார். வீட்டில் யாரையும் அவர் கேட்கவில்லை.

மூர்த்தி சாப்பிடப் போகும் அரைமணி நேரம்தான் அவளுக்குக் கிடைத்தது. டிபன் பாக்ஸைத் திறக்காமலே அந்த நாற்காலியில் போய் உட்காருவாள். திரையில் ஒரு தகடு, அதன் ஓரத்தில் ஒரு மடிப்பு, மடிப்பின்மேல் இன்னொரு மடிப்பு. ஒரு பொத்தானை அழுத்தினால் மடித்த பெட்டி பிரிந்து தட்டையாகப் படுத்துக்கொள்ளும். எந்த அளவுக்குத் தகடு வெட்டவேண்டும் என்று அதுவே சொல்லும். முதல்முறை அதைப் பார்த்தபோது அந்தப் பொத்தானை ஏழெட்டுத் தடவை அழுத்தினாள். மீதி நேரமெல்லாம் வரைபலகைமுன் நின்றபடி, மூர்த்தி எப்போது எழுந்திருப்பான் என்று கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ்ஸில் சோப்புப் பெட்டி அட்டையை மடித்து மடித்துப் பிரித்தாள். சோறு அப்படியே திரும்பி வருவதைக் கண்டு அம்மா சுக்ரா, பட்டறையில் யாரோடாவது சண்டையா என்று கேட்டார்.

ஆகஸ்டில் மூர்த்திக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. நான்கே நாளில் போய்விட்டான். அறுபது பெட்டி ஆர்டர் பாதியில் நின்றது. உனக்கு வருமா என்று சௌந்தரராஜன் கேட்டார். யோசிக்கவே இல்லை. வரும் சார் என்றாள்.

பெட்டியின் உடல் ஒரே தகடுதான், இரண்டு எம்.எம். கனம், நான்கு மடிப்பு. மேல்மூடியும் கீழ்மூடியும் தனி. இரண்டு நாளில் வரைந்து முடித்தாள். நடுவில் ஒரு இடத்தில், மடிப்பின் உள்வளைவு எத்தனை எம்.எம். என்று கம்ப்யூட்டர் கேட்டது. கட்டத்தில் ஒன்று என்று அதுவாகவே போட்டிருந்தது. கை ஒரு கணம் நின்றது. பிறகு சரி என்று அழுத்திவிட்டாள்.

முன்பெல்லாம் அவள் முடிந்த பெட்டியைத்தான் வரைந்து கொடுப்பாள். தகடு மடிக்கும் பெண்டிங் மெஷின் ஓட்டுகிற திம்மப்பன், வெளி அளவுகளைக் கூட்டி மடிப்புக்கு இவ்வளவு என்று கழித்து வெட்டும் அளவைக் கணக்குப் போட்டுக்கொள்வார். அத்திப்பள்ளிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். இந்தத் தடவை கம்ப்யூட்டர் சொன்ன அளவில் அறுபது தகடும் வெட்டி வந்தன. அளவு பெரிதாக இருக்கிறதே என்று திம்மப்பன் கேட்டதற்கு, கொடுத்ததை மடித்தால் போதும் என்று சௌந்தரராஜன் சொல்லியனுப்பினார்.

பதினோரு பெட்டி மடித்த பிறகுதான் மூடி வைத்துப் பார்த்தார்கள். எதிலும் உட்காரவில்லை. பக்கங்களெல்லாம் சரி, முதுகு மட்டும் நாலு எம்.எம். அதிகம். சௌந்தரராஜன் ஷெட்டின் நடுவில் நின்று, எல்லாரும் கேட்கும்படி பேசினார். தகடு கம்ப்யூட்டர் அளவில் சரியாக இருக்கிறது, ஆகவே மடித்தவன்தான் கெடுத்திருக்கிறான் என்றார்.

"கம்ப்யூட்டரு தப்பா சொல்லுமாய்யா? நாளையிலருந்து நீ வரவேண்டாம்."

திம்மப்பன் கையுறையைக் கழற்றி மெஷின்மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

ஃபகருன்னிசா கெட்டுப்போன பெட்டி ஒன்றின்மேல் வளைவு அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தாள். உள்வளைவு இரண்டரை. திரையில் ஒன்று. வளைவு பெரிதானால் மடிப்புக்குக் கழிக்கவேண்டியதும் கூடும். கம்ப்யூட்டர் குறைவாகக் கழித்தது மடிப்புக்கு ஒரு எம்.எம்., நான்கு மடிப்புக்கு நாலு. மணி மூன்று. சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். இந்த நாற்காலி போய்விட்டால் இனி கிடைக்காது என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது. ஐந்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஜன்னலோர இடம் கிடைத்தும் நிம்மதியில்லை. பையை மடியில் வைத்தாள், கீழே வைத்தாள். கைப்பிடிக் கம்பியின் வளைவைப் பார்த்தாலும் இரண்டரை, ஒன்று என்றே ஓடியது. பாதி வழியில், சூளகிரியில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டாள். எதிர்ப்பக்கம் ஓசூர் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் காத்திருந்தாள். பக்கத்து மெடிக்கல் ஷாப்பிலிருந்து தன் தெருவிலுள்ள ஒரு வீட்டுக்குப் போன் பண்ணி, தாமதமாகும் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னாள்.

சௌந்தரராஜன் ஆபீசைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சார், திம்மப்பண்ணா மேல தப்பில்லை. நான்தான் வளைவ அவர்கிட்ட கேக்காம போட்டுட்டன். அதுவா ஒண்ணுன்னு காமிச்சுது, நான் அப்படியே உட்டுட்டன்."

அவர் பூட்டிலிருந்து சாவியை உருவினார். மத்தியானமே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். பஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, திம்மப்பன் வீட்டுக்கு ஆளனுப்புவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை திம்மப்பன் வந்தார். மெஷின் பக்கம் போகவில்லை. ஷெட் வாசலிலேயே நின்றார். அவள் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்கிட்ட தனியா சொல்லி என்ன ஆவும்? நேத்து எல்லார் முன்னாடியும்தான என்னை வெளிய போவச் சொன்னாங்க. இந்த அளவ பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை நீனும் கேக்கலை, அவரும் கேக்கலை."

பத்து மணி டீ நேரத்தில் இருபது பேர் தம்ளரோடு நின்றிருந்தார்கள். அவள் பெண்டிங் மெஷின் பக்கத்தில் போய் நின்று, அளவு தவறானது தன்னால், திம்மப்பன் மடித்ததில் குறையில்லை என்று சொன்னாள். குரல் முதலில் எழும்பவில்லை; பின்னாலிருந்தவர்களுக்குக் கேட்கவில்லையென்று மறுபடி சொல்லவேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவசரப்பட்டுவிட்டேன் திம்மப்பா என்று சௌந்தரராஜனும் சொன்னார், தரையைப் பார்த்தபடி. டீக்காரர் தம்ளர்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

திம்மப்பன் கையுறையை மாட்டிக்கொண்டார்.

மீதமிருந்த தகட்டில் சரியாக நூறு எம்.எம். நீளத்துக்கு ஐந்து துண்டு வெட்டித்தரச் சொன்னாள் ஃபகருன்னிசா. ஒவ்வொன்றையும் அவர் நடுவில் மடிக்க, அவள் வெர்னியர் அளவுகோலால் மடிப்புக்கு இருபுறமும் உள்ள கைகளை வெளியிலிருந்து அளந்து கூட்டினாள். ஐந்திலும் நூற்று மூன்று புள்ளி ஒன்பதைச் சுற்றியே வந்தது. ஆக, மடிப்புக்குக் கழிக்கவேண்டியது மூன்று புள்ளி ஒன்பது. கம்ப்யூட்டர் கழித்திருந்தது இரண்டு புள்ளி ஒன்பதுதான். புதிய வளைவையும் கழிவையும் கொடுத்ததும் திரையிலிருந்த தகடு நாலு எம்.எம். குறைந்தது.

மடிக்காமல் நாற்பத்தொன்பது தகடு கிடந்தது நல்லதாயிற்று. இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு எம்.எம். வெட்டினால் பிழைக்கும். பதினோரு பெட்டி காயலான் கடைக்குப் போனது. இனிமேல் முதல் பெட்டி மடிக்கும்போது அவள் மெஷின் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று சௌந்தரராஜன் சொன்னார். நாற்காலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அது அவளிடமே இருந்தது.

சாயங்காலம் ஓரம் வெட்டிய முதல் தகட்டைத் திம்மப்பன் மடித்தார். மேல்மூடியை வைத்தார்; உள்ளங்கையால் ஒரு தட்டு, உட்கார்ந்துவிட்டது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அடுத்த தகட்டை இழுத்தார்.

அவளுக்கு அப்போதும் அங்கிருந்து போக மனம் வரவில்லை. அடுத்த ஆர்டருக்கு ஒன்றரை எம்.எம். தகடு என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

"அண்ணா, ஒன்றரைல துண்டு ஏதாவது கெடக்குதா?"

அவர் மெஷினை நிறுத்தாமலே, மூலையில் இருந்த தகட்டுக் குவியலைத் தாடையால் காட்டினார். அவள் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு குவியலைக் கிளற ஆரம்பித்தாள்.