மூன்றாம் நாள் உடல்

2019 ஜூலை 18, வியாழக்கிழமை. கிர்கிஸ்தானின் நாரின் மாநிலத்தில் கோக்-புலாக் என்ற ஊரில், ஜூரகான் என்ற மூதாட்டியின் உடல் கம்பளிக் கூடாரத்தில் மூன்றாவது நாளாகக் கிடந்தது.

மகன் பாகித் ரஷ்யாவிலிருந்து வந்து சேரும்வரை புதைக்கக் கூடாது என்று உறவினர்கள் முடிவு செய்திருந்தார்கள். சர்க்கரை நோயில் அழுகிய கால் அந்த வெயிலில் காத்திருக்கவில்லை. கூடாரத்துக்குள் ஈ மொய்த்தது. வெளியே குதிரை அறுத்து மூன்றாவது கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. உதட்டில் கொழுப்பு வழிய ஆண்கள் எலும்பைச் சூப்பினார்கள். கொப்பரைப் பக்கம் நின்றிருந்த பக்கத்து வீட்டுப் புரூலுக்கு இரண்டு வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் நின்றது.

பாகித் வந்து அழுது முடித்தான். இனி புதைக்குமுன் உடலைக் கழுவ வேண்டும். அதற்கென்று குறித்திருந்த நான்கு பெண்களில் மூன்று பேர் உள்ளே போன வேகத்தில் திரும்பினார்கள். நான்காவதாகப் போன, ஊரில் எந்தச் சாவுக்கும் முதலில் நிற்கும் அஜாரும் மூக்கை முக்காட்டால் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"தோல் கையோட வருதுடி. தொழுகை நடத்துற மோல்தோகிட்ட கேட்டுட்டேன், தண்ணிக்குப் பதிலா மண்ணத் தடவிப் பொதிஞ்சிடலாமாம்."

ஜூரகானின் மகள் நுர்கிசா எழுந்தாள். "பக்கத்துல ஓடை ஓடுது. எங்கம்மாவ இப்படியே அனுப்பப் போறீங்களா அக்கா?"

"அப்ப நீ போய்க் கழுவு."

"என்னால முடியல அக்கா..." என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கம்மாவோட அந்த நீல வெல்வெட் கோட்ட மட்டும் எடுத்து வையி," என்றாள் அஜார். "கழுவப் போனவளுக்குச் சேர வேண்டியது. உள்ள போனேன்ல?"

புரூலுக்கு அவள் முகத்தில் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஆனால் தானும் கொப்பரைப் பக்கம்தானே நிற்கிறோம் என்பது உறைத்தது.

போன குளிர்காலத்திலிருந்து தொழுகையில் நெற்றி தரையைத் தொடும்போதெல்லாம் அவளுக்கு ஒரே எண்ணம்தான் வந்துகொண்டிருந்தது: இறந்தவர்களைக் கழுவு. அது தன் எண்ணம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கன்று ஈனுவதைப் பார்த்தாலே குமட்டுகிறவள் அவள். ஒருமுறை அஜாரிடம் சொல்லித் தொலைத்தபோது, "வாந்தி எடுக்கிறவளையா அல்லா தேடிப் பிடிச்சான்? ஊர்ல வேற ஆளே இல்லியா?" என்று சிரித்தாள். அது சரிதான் என்றே புரூலும் நம்பினாள். அருவருப்பு போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தினாள்.

அருவருப்பு போகவில்லை. வேறு ஆளை அனுப்பு என்று மனசுக்குள் அல்லாவிடம் கேட்டுப் பார்த்தாள். சுற்றிலும் மெல்லும் சத்தம்தான் கேட்டது. குமட்டல் நிற்கும் என்று யாரும் தனக்கு வாக்குக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"நுர்கிசா, தண்ணிய மட்டும் நீ ஊத்து. மூஞ்சியத் திருப்பிக்க. ஒரு வாளி கொண்டா."

"வாளி எதுக்கு?"

"எனக்கு."

துணி உறையைக் கையில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். வயிற்றை லேசாக அழுத்தியதும் வெளியேறியதைப் பார்த்து முதல் முறை வாந்தி எடுத்தாள். காலைத் தொட்டபோது துணியோடு சதை வந்தது. அதில் புழு நெளிந்தது. மறுபடி எடுத்தாள். வாயைக் கொப்பளித்து, கையைக் கழுவி, புது உறை கட்டி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். தான் செய்வது வணக்கமா, கசாப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குள் எந்த ஒளியும் தோன்றவில்லை. நாற்றம் இருந்தது, தண்ணீர் விழுந்தது, இடது பக்கம் இன்னும் பாக்கி இருந்தது. மூன்று தடவையும் ஊற்றிக் கழுவி, வெள்ளைத் துணி சுற்றி முடிச்சுப் போட்டாள்.

வெளியே வந்ததும் அஜார் ஓடி வந்தாள். "எப்படிடி இருந்துச்சு? புழு வச்சிருந்துச்சா?"

உள்ளே பார்த்ததைக் கழுவியவர் வெளியே சொல்லக் கூடாது.

"தூங்கற மாதிரி இருந்தாங்க," என்றாள் புரூல்.

"பொய் சொல்றா பாரு. முக்காட்டுல வாந்தி ஒட்டியிருக்கு."

மாலைத் தொழுகைக்கு முன்பே ஜூரகானைப் புதைத்தார்கள். நீலக் கோட்டை அஜார் எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் பக்கத்து ஊரில் ஒரு கிழவி இறந்தாள். புரூலைக் கூப்பிட ஆள் வந்தது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.