நம்பகமான வட்டாரம்

என் தம்பி டெல்மருக்கு வாய் நீளம், காது அதைவிட நீளம். இரண்டும் கூட்டுச் சேர்ந்து போன ஆகஸ்டில் என் கணவரின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தன.

கென்டக்கி மாநிலத்தில் எங்கள் ஊரான ஹார்லன்ஸ் ஃபெர்ரியில் இருப்பது ஒரே ஒரு பெரிய தொழிற்சாலை. அது செய்வது ஒரே ஒரு வண்டி, கெஸ்ட்ரல். இரண்டு பேர் மட்டும் உட்காரும், தரையோடு தரையாகப் போகும், ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடும். அறுபது வருடமாக அதற்கு எஞ்சின் மூக்கில்தான். டயர் கடை வைத்திருக்கும் என் தம்பி, "அடுத்த கெஸ்ட்ரலுக்கு எஞ்சின் சீட்டுக்குப் பின்னாடி" என்று ரசிகர்களின் இணைய மன்றத்தில் பதினொரு வருடம் எழுதினான். பதினொரு வருடமும் மூக்குடைபட்டான். பன்னிரண்டாம் வருடம் கம்பெனியே ஆமாம் என்று அறிவித்துவிட்டது. அன்றிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. மன்றத்தில் அவன் பெயர் 'கென்டக்கி காது'. அவனே வைத்துக்கொண்ட பெயர்தான்.

எஞ்சின் பின்னால் போனது உறுதியானதும் மற்ற கேள்விகள் கிளம்பின. எத்தனை குதிரைத்திறன்? நின்ற இடத்திலிருந்து அறுபது மைலைத் தொட எத்தனை விநாடி? இரண்டு கோல்ஃப் பையை எங்கே வைப்பது? எல்லாவற்றுக்கும் மேலே, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை ஓடும்? பழைய கெஸ்ட்ரல் ஆறாயிரத்து ஐந்நூறிலேயே மூச்சு வாங்கும். இத்தாலிக்காரன் வண்டி ஒன்பதாயிரம் வரை கத்தும். நம் வண்டி எங்கே நிற்கும் என்பதுதான் டாட்டி சாப்பாட்டுக் கடையில் தினமும் காலையில் பிஸ்கட் ரொட்டியோடும் கிரேவிக் குழம்போடும் பரிமாறப்பட்ட விஷயம்.

தொழிற்சாலைக்காரர்கள் மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். ரகசியம் காப்போம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யாராவது வண்டியைப் பற்றிக் கேட்டால் தோட்டத்துத் தக்காளியைப் பற்றிப் பதில் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். என் கணவர் ஹாலிஸுக்கு அங்கே இருபத்தேழு வருட சர்வீஸ். உள்ளே என்ன வேலை பார்க்கிறார் என்பது கட்டிக்கொண்ட எனக்கே தெரியாது.

"மாமா, சுற்று எட்டாயிரத்தத் தாண்டுமா? தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்" என்று டெல்மர் ஞாயிறு மதியச் சாப்பாட்டில் கெஞ்சுவான்.

"இந்த வருஷம் மழை பத்தல. தக்காளி சின்னதா இருக்கு" என்பார் ஹாலிஸ்.

"சின்னதுன்னா? எட்டாயிரத்துக்குக் கீழயா?"

"டே, உருளைக்கிழங்க இந்தப் பக்கம் தள்ளு."

ஆகஸ்ட் முதல் வாரத்தில் சோதனை வண்டி ஒன்று, உருவம் தெரியாமல் இருக்கக் கறுப்பு வெள்ளைச் சுழல் போட்ட ஸ்டிக்கரை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு, மக்காச்சோளக் காட்டை ஒட்டிய சாலையில் வந்தது. டெல்மர் மூன்று நாளாக அங்கே மடக்கு நாற்காலி போட்டுக் காத்திருந்தான். அவனைத் தாண்டியதும் ஓட்டுநர் முழு மூச்சாக மிதித்தார். டெல்மர் அதை போனில் பதிவு செய்தான். அன்று மாலையே மன்றத்தில் எழுதினான்: 'எட்டாயிரத்து அறுநூறு. நம்பகமான வட்டாரத் தகவல்.'

அந்த மன்றத்தில் 'நம்பகமான வட்டாரம்' என்றால் அவரவர் ஊகம் என்று அர்த்தம். எல்லோரும் எழுதுவார்கள், யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் கம்பெனித் தலைமையகத்தில் இருப்பவர்களுக்கு அந்த அகராதி தெரியாதே! கென்டக்கி காது யார் என்று பார்த்தார்கள். அவன் அக்காள் புருஷன் எங்கே வேலை செய்கிறார் என்று பார்த்தார்கள். திங்கட்கிழமை ஹாலிஸின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறோம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் பகல் பதினொரு மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். பெட்டியைத் திறக்கவே இல்லை. விஷயத்தைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது.

"உண்மையச் சொல்லுங்க. அவன்கிட்ட ஏதாவது உளறினீங்களா?"

ஹாலிஸ் என்னை ஒரு முறை பார்த்தார். "செடிக்குத் தண்ணி விடணும்" என்றார்.

"என்கிட்டயுமா? வேலை போகப் போகுது, கட்டின பொண்டாட்டிகிட்டயும் தக்காளியா?" கையில் இருந்த துடைக்கும் துணியை அவர்மேல் வீசினேன். அவர் அதை எடுத்து மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். நான் அழுதேன். சந்தேகப்பட்டோமே என்று கொஞ்சம், சந்தேகம் தீரவில்லையே என்று மீதி.

நேரே டயர் கடைக்குப் போனேன். டெல்மர் ஒரு டிராக்டர் டயரைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் முதலில் வெளுத்தது, பிறகு மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அக்கா! அட்டைய வாங்கிட்டாங்கன்னா என் நம்பர் சரின்னு அர்த்தம்! தப்பா இருந்தா எதுக்கு விசாரிக்கிறாங்க?"

அங்கே ஒரு ஸ்பேனர் கிடந்தது. எடுக்காமல் இருந்தது நான் அந்த வருடம் செய்த ஒரே புண்ணியம்.

"இளிக்காதடா! உன் மாமாவுக்கு இன்னும் மூணு வருஷத்துல பென்ஷன். யாருடா அந்த நம்பகமான வட்டாரம்?"

"இதான்" என்று தன் வலது காதைத் தொட்டுக் காட்டினான். "சத்தத்த சர்ச் பியானோல வச்சுக் கண்டுபிடிச்சேன். கணக்கு இருக்குக்கா. யார் வந்தாலும் நிரூபிக்கிறேன்."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பாப்டிஸ்ட் சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். நான், ஹாலிஸ், டெல்மர், தலைமையகத்திலிருந்து விசாரிக்க வந்த மிஸ் க்ரீவ்ஸ். அவர் இன்ஜினியராம். மரியாதையான பெண். உட்கார்ந்ததும் முதலில் சொன்னது, "நீங்க போட்ட நம்பர் சரின்னோ தப்புன்னோ நான் எதுவும் சொல்ல முடியாது. புரிஞ்சுதா?"

"புரியுது மேடம்" என்ற டெல்மர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

கூட்டத்துக்கு வித்தை காட்டுகிறவன் மாதிரி சட்டைக் கையை மடித்தான். போனில் பதிவை ஓடவிட்டான். உச்சியில் வண்டி கத்துகிற இடத்தில் நிறுத்தி, அந்தச் சுரத்தைத் தொண்டைக்குள் முனகிக்கொண்டே பியானோவில் கட்டை கட்டையாகத் தேடி, ஒன்றில் வந்து நின்றான்.

"இந்தக் கட்டைதான். இதவிட ஒரு முடி அளவு கம்மி. இந்தக் கட்டை விநாடிக்கு எத்தனை தடவ அதிரும்னு புத்தகத்துல இருக்கு. முடி அளவக் கழிச்சா ஐந்நூத்து எழுபத்து மூணு. எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு நாலு தடவ வெடிக்கும். நாலால வகுத்து அறுபதால பெருக்கினா எட்டாயிரத்து அறுநூறு!" என்று கட்டையிலிருந்து விரலை எடுக்காமலே கூடத்துக்குத் தலைவணங்கினான்.

மிஸ் க்ரீவ்ஸ் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "வண்டி உங்களப் பாத்து வந்துச்சா, தாண்டிப் போச்சா?"

"தாண்டித்தான் மேடம். மிதிச்சதே என்னைத் தாண்டின பிறகுதான்."

"என்ன வேகம் இருக்கும்?"

"அறுபது மைல்."

"விலகிப் போற வண்டியோட சத்தம் காதுக்கு இறங்கித்தான் கேக்கும். ஆம்புலன்ஸ் தாண்டும்போது கேட்டிருப்பீங்களே. அந்த இறக்கத்தத் திரும்பக் கூட்டினீங்களா?"

"இல்ல" என்றான் டெல்மர், யாரோ வேறு ஆள் குரலில்.

"கூட்டினா உங்க கணக்கு ஒன்பதாயிரத்து முந்நூறு கிட்டப் போயிடும்." அவர் ஹாலிஸைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது. "அப்ப எட்டாயிரத்து அறுநூறு எங்கேருந்து வந்துச்சு? இந்தக் கணக்குலேருந்து வரல, நம்பர யாரோ சொன்ன பிறகு கணக்க ஜோடிச்ச மாதிரி இருக்கு."

டெல்மரின் காது இரண்டும் சிவந்துபோயின. ஹாலிஸ் தன் பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருடம் இந்த ஒரு வாக்கியத்தில் போகப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. பிறகுதான் டெல்மர் விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்த கட்டையைப் பார்த்தேன்.

"மேடம், ஒரு நிமிஷம். இந்தப் பியானோ பொய் சொல்லும்" என்றேன்.

ஒன்பது வருடமாக நான்தான் இந்தச் சர்ச்சில் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன். சுருதி சேர்க்க ஆள் கூப்பிடுங்கள் என்று ஒன்பது வருடமாகக் கத்துகிறேன். சர்ச் கணக்கைப் பார்க்கும் டீக்கன் யூஸ்டஸ் கேட்டால்தானே! அதன் கம்பிகள் எல்லாம் தளர்ந்து, சொல்லிவைத்தாற்போல ஒரே அளவில் கீழே இறங்கிவிட்டன. தனக்குள் ஒழுங்காக இருப்பதால் கேட்பவர்களுக்குத் தெரியாது. புல்லாங்குழலோடு வாசித்தால்தான் மானம் போகும். போன கிறிஸ்துமஸுக்குப் போனது.

கைப்பையிலிருந்து என் சுருதிக் குழலை எடுத்து ஊதினேன். அதே சுரத்தின் கட்டையை அழுத்தினேன். பியானோ அரைச் சுரத்துக்கும் அதிகமாகக் கீழிறங்கி முனகியது. டெல்மர் பல்லைக் கடித்துக்கொண்டான்.

மிஸ் க்ரீவ்ஸ் டெல்மரின் பதிவைத் தன் கணினிக்குள் வாங்கி அளந்தார். பியானோக் கட்டையையும் அளந்தார். ஏதோ தட்டினார், பார்த்தார், மறுபடி தட்டினார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"வண்டி சத்தம் இறங்கிக் கேட்டுச்சு. பியானோவும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கி இருக்கு. இறங்கின சத்தத்த இறங்கின கட்டையில வச்சுப் பாத்துட்டு, புத்தகத்துல இருக்கற நல்ல பியானோ கணக்க எடுத்திருக்கீங்க. ஒரு தப்ப இன்னொரு தப்பு சாப்பிட்டுடுச்சு."

"அப்ப நம்பர் சரி!" என்று துள்ளினான் டெல்மர்.

"நான் அப்படிச் சொல்லல. ரோட்டுல நின்ன யார் வேணாலும் இந்தப் பதிவ வச்சு ஒரு நம்பருக்கு வர முடியும்னு மட்டும் சொல்றேன். உள்ளேருந்து யாரும் சொல்லத் தேவையில்ல. இத எழுதிக் கையெழுத்துப் போடுங்க, மிஸ்டர் ஹாலிஸோட அட்டைய நாளைக்கே குடுத்துடுவாங்க."

டெல்மர் ஆர்வமாக எழுத ஆரம்பித்தான். 'இரண்டு தவறுகள் செய்து சரியான எண்ணை' என்பது வரை வந்தபோது மிஸ் க்ரீவ்ஸ் கையை நீட்டித் தடுத்தார்.

"'சரியான' வேண்டாம். அது கம்பெனி உறுதி செஞ்ச மாதிரி ஆயிடும்."

"வேற எப்படி எழுதறது?"

"இரண்டு தவறு செஞ்சேன்னு எழுதுங்க. அதோட நிறுத்துங்க."

"மன்றத்துலயும் போடு. நம்பகமான வட்டாரம் யாருன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றேன் நான்.

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. எனக்கு என் தம்பியைத் தெரியும். பதினொரு வருடம் அந்த மன்றமே அவனைக் கேலி செய்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஒன்று பலித்திருக்கிறது. அதையும் தவறு என்று மட்டும் எழுதிக் கொடு என்றால்? பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

டெல்மர் ஹாலிஸைப் பார்த்தான். ஹாலிஸ் அவனைப் பார்க்கவில்லை, கெஞ்சவும் இல்லை. டெல்மர் பெருமூச்சு விட்டு எழுதினான்: 'நான் இரண்டு தவறுகள் செய்தேன். என் வட்டாரம் என் காதும் ஒரு கெட்டுப்போன பியானோவும்.' கையெழுத்தை மட்டும் பெரிதாகப் போட்டான்.

வெள்ளிக்கிழமை அட்டை வந்தது. மன்றத்தில் அவனுக்குப் பெயர் 'கெட்டுப்போன பியானோ' என்று மாறியது. இரண்டு மாதம் டாட்டி கடையில் அவன் நுழையும்போதெல்லாம் யாராவது ஒருவர் மேஜையில் விரலால் வாசித்துக் காட்டினார். அவன் எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு காபி குடித்தான்.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை தொழிற்சாலைப் புல்வெளியில் வண்டியின் திரையை விலக்கினார்கள். ஊரே கூடியிருந்தது. சிவப்பு வண்டி, முதுகில் கண்ணாடிக்குக் கீழே எஞ்சின். மேடையில் பெரிய திரையில் எண்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. குதிரைத்திறன், விநாடி, கோல்ஃப் பை. கடைசியில் 8,600.

கூட்டம் அப்படியே டெல்மர் பக்கம் திரும்பிக் கத்தியது. யாரோ அவனைத் தோளில் தூக்கினார்கள். டாட்டி கடைக் கிழவர்கள் எல்லோரும் காற்றில் பியானோ வாசித்தார்கள். அவன் அழுதுகொண்டே சிரித்தான்.

நான் ஹாலிஸ் பக்கம் திரும்பினேன். அவர் திரையை அண்ணாந்து பார்த்தபடி வாயைப் பிளந்து நின்றார்.

"அடேங்கப்பா! அப்ப அவன் சொன்னது நெசமாவே சரியா?"

"என்னங்க இது! உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் கதவு மாட்டறவன், வெர்னா. இருபத்தேழு வருஷமா இடது பக்கக் கதவு. எஞ்சினக் கண்ணால கூடக் காட்டினதில்ல."

"அன்னைக்கு நான் கேட்டப்பவே அதச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே! எத்தனை அழுதேன்!"

"எந்தக் கதவுங்கறதும் உள் விஷயம்தானே" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா நீ கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டிருக்கக் கூடாதுதான்" என்றேன். கூட்டம் கலைந்து முடியும் வரை அந்தக் கையை நான் விடவில்லை.