படகு ஏன் நிற்கிறது

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. அரை மில்லிமீட்டர் கூடினால் லென்ஸ் ஃபிரேமுக்குள் போகாது, குறைந்தால் கழன்று விழும். அந்தப் பழக்கத்தில்தான் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போவதற்கும் திட்டம் போட்டான். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தப் பஸ், எல்லாரும் அடித்துப்பிடித்து ஏறுகிற அந்தக் குகைப் படகுக்கு எப்போது வரிசை குறையும் என்று ஒரு தாளில் எழுதினான். எழுதியது சரிதானா என்று மறுநாள் சந்தேகம் வந்து, வேறொரு தாளில் திரும்பவும் எழுதினான்.

கல்யாணமாகி ஐந்து மாதம். மனைவிக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த மகளுக்கு ஒன்பது வயது. மூவருமாக இதுவரை எங்கும் போனதில்லை. மகள் அவனிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் நடந்துகொள்வதைப் போல. வருகிற சனிக்கிழமை பூங்காவுக்குப் போனால் அது கொஞ்சமாவது மாறும் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

ஞாயிறு காலை மகள் அந்தத் தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"முக்கியமானது இதுல இல்லையே."

"எது?"

"படகு இருட்டுக்குள்ள மேல ஏறிப் போகுது. கீழ விழறதுக்கு முன்னாடி நிக்குது. ஏன் நிக்குது?"

"நிக்குதா?"

"எல்லா வீடியோலயும் நிக்குது. ஏன்னு தெரியாம நான் வரல."

மேசையோரம் தன் நர்ஸ் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை.

"வந்துட்டாங்க வக்கீலம்மா. இவ படகுல ஏற மாட்டா, படகைக் கூண்டுல ஏத்துவா. ஒண்ணும் இல்லடி, ஒரு நிமிஷம் நிக்கும், அப்புறம் போயிடும்."

"ஒரு நிமிஷம்னு யாரு எண்ணிப் பாத்தா?" என்றாள் மகள்.

அவள் வராவிட்டால் சனிக்கிழமையே இல்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி அவனுக்குப் பிடித்துப்போயிற்று. கைபேசியை எடுத்துக்கொண்டு, நடுவில் ஒரு நாற்காலி விட்டு அவளருகே உட்கார்ந்தான்.

படகில் போனவர்கள் எடுத்துப் போட்டிருந்த வீடியோக்கள் பதினொன்று கிடைத்தன. "நின்னுடுச்சு" என்று அவள் சொல்ல, அவன் கைக்கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினான். "போயிடுச்சு" என்றதும் நிறுத்தி, தாளில் குறித்தான். நாலு விநாடி, ஆறு, ஐந்து, பதினொன்று. ஒன்றில் பத்தொன்பது வந்தது. அவன் அதைச் சுற்றி வட்டம் போட்டு, இதில்தான் விஷயம் இருக்கிறது என்று தலையாட்டினான்.

"இதுல எல்லாரும் தூக்கத்துல பேசற மாதிரி பேசறாங்க" என்றாள் அவள்.

எடுத்தவர் வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் போட்டிருந்தார். அவன் வட்டத்தை அடித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, தீர்ப்புச் சொல்கிற தோரணையில் சொன்னான்.

"முன்னால போன படகு கீழ இறங்கி விலகணும். அதுவரைக்கும் இதைப் பிடிச்சு வெக்கறாங்க. அவ்வளவுதான்."

அவள் ஏழாவது வீடியோவை மறுபடியும் ஓட்டினாள். "இங்க பாருங்க. முன்னாடி படகு எப்பவோ கீழ போயி, தூரத்துல திரும்புது. அப்பவும் இது பதினொரு விநாடி நிக்குது."

அவன் இரண்டு தடவை பார்த்தான். "ஆமா. நான் சொன்னது தப்பு."

"அப்ப ஏன்?"

"தெரியலையே."

"நல்ல ஜோடி" என்றாள் மனைவி. "அவருக்குத் தெரியல, அவளுக்குத் தெரிஞ்சே ஆகணும்."

மகள் சிரிக்கவில்லை. தப்பு என்று அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்ட அந்த ஆளையே சற்றுநேரம் பார்த்தாள். பிறகு, "போன் பண்ணிக் கேக்கலாமா?" என்றாள்.

பூங்காவின் விசாரணை எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். அவன் ஒலிபெருக்கியைப் போட்டான்.

"ஒரு சின்ன சந்தேகம்ங்க. அந்தக் குகைப் படகு..."

"நூத்திப் பத்து சென்டிமீட்டர் உயரம் இருந்தா ஏறலாம் சார்."

"அது இல்லங்க..."

"நனையும் சார். மாத்துத் துணி கொண்டு வந்துடுங்க."

"அதுவும் இல்லங்க. மேல போனதும் ஏன் நிக்குது?"

"இதை யாரும் கேட்டதில்லையே. இருங்க, அந்தப் படகை ஓட்டறவரு இங்கதான் டீ குடிச்சிட்டிருக்காரு."

கரகரத்த ஆண்குரல் ஒன்று வந்தது. "மேல கேமரா இருக்குங்க. நான் கீழ உக்காந்து பாப்பேன். எல்லாரும் உக்காந்து கம்பியைப் பிடிச்சிருந்தாத்தான் பொத்தானை அழுத்துவேன். படம் எடுக்கறேன்னு ஒருத்தர் எந்திரிச்சு நின்னாலும் படகு நகராது. ஒருநாள் ஒரு ஆளு செருப்பைத் தேடித் தேடி, மூணு நிமிஷம் நின்னுச்சு."

மகள் கைபேசியின் மேல் குனிந்தாள்.

"யாராவது வேணாம்னு சொன்னா?"

இந்தக் கேள்வி மட்டும் சன்னமான குரலில் வந்ததை அவன் கவனித்தான்.

"கையைத் தூக்கினாப் போதும் பாப்பா. பக்கத்துலயே கதவு இருக்கு, கீழ இறங்கப் படி இருக்கு. விளக்கைப் போட்டு இறக்கி விட்டுடுவோம். கூட ஒரு பெரியவங்களும் இறங்கணும், அவ்வளவுதான்."

"திட்டுவீங்களா?"

"எதுக்குத் திட்டணும்? வாரத்துக்கு நாலு பேரு இறங்கறாங்க. அதுல மூணு பேரு மீசை வெச்சவங்க."

போனை வைத்ததும், பயப்படாதே என்று சொல்ல அவனுக்கு வாய் வரைக்கும் வந்தது. அவள் காலையிலிருந்து தேடியது விநாடிகளை அல்ல, அந்தக் கதவை என்று இப்போதுதான் உறைத்தது. ஒன்றும் சொல்லாமல் தாளின் கடைசியில் எழுதினான்: கதவு உண்டு. படி உண்டு.

அவள் பேனாவை வாங்கி அதன் கீழே படகை வரைந்தாள். வரிசைக்கு இரண்டு இருக்கை.

"அம்மா முன்னாடி."

"ஏன்டி, பெத்தவளைத் தனியாத் தள்ளிவிடறே?"

"நான் கையைத் தூக்கினா நீ இறங்க மாட்டே. ஒண்ணும் இல்லடின்னு சொல்லிச் சொல்லியே உக்கார வெச்சிடுவே."

மனைவி சீருடையின் காலரைத் திருப்பிப் போட்டு, "அது வாஸ்தவம்தான்" என்று அதனிடம் சொன்னாள்.

மகள் அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க இறங்குவீங்களா?"

அவன் அவள் வரைந்த படகை ஒருமுறை பார்த்தான்.

"இறங்குவேன்."

"அப்புறம் படகு விழறப்ப நீங்க அதுல இருக்க மாட்டீங்க."

"இருக்க மாட்டேன். கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கும்" என்றான் உண்மையாக. "ஆனா அந்தப் படி எந்த வீடியோலயும் வரல. அதைப் பாத்தவங்க கொஞ்சப் பேருதான்."

அவள் இரண்டாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தாள்.

"எத்தனை படி இருக்கும்?"

"முப்பது இருக்கலாம். சரியாத் தெரியல."

"முப்பதுக்கு மேல இருக்கும். எவ்வளவு உயரம் ஏறுதுன்னு பாருங்க" என்று நடுவில் கிடந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, முதல் வீடியோவிலிருந்து மறுபடியும் ஓடவிட்டாள்.