முதல் தட்டு

2

[ஒன்றைக் காணோமே என்று தேடாதீர்கள், கண்ணுகளா. தொலைக்கவில்லை, எடுத்து வைத்திருக்கிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.]

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. தேனியிலிருந்து போடிக்குப் போகிற மத்தியானம் மூன்றரை மணி பஸ். ஜன்னலோரம் நான், பக்கத்தில் கயல். பொறியியல் கல்லூரியில் காற்றும் வெப்பமும் ஓடுகிற விதத்தைப் பாடம் நடத்துகிறவள். அதற்குமுன் அவளை நான் பார்த்ததில்லை. பாதி வகுப்பில் கிளம்பி வந்திருந்தாள், விரல்களில் சாக்பீஸ் வெள்ளை அப்படியே இருந்தது. இறங்குகிற வரைக்கும் பேசினாள். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவளில்லை, கேட்கத் தெரிந்தவள். அவள் சொன்னது எனக்கு விளங்கியது. உங்களுக்கும் விளங்க வைப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

3

எங்கே தொடங்குவது என்பதில்தான் இழுபறி.

[போடி மலையில் ஏலக்காய் பறிக்கும் பருவத்தில் ஒரு மருமகள்]

மருமகள் என்றதும் நீங்கள் மாமியாரைத் தேடுவீர்கள். வேண்டாம்.

[காற்றுக்கு வடிவம் உண்டா என்று கேட்டால்]

இது பாடப்புத்தகம். என் கதையில் யாரும் பரீட்சை எழுத வேண்டாம்.

[அய்யம்மாளுக்குக் கோபம் வந்தால் வீடே]

அய்யம்மாள் யாரென்றே இன்னும் நான் சொல்லவில்லை. அதற்குள் அவளைக் கோபப்பட வைப்பது நியாயமா?

தொடக்கம் மட்டும் ஏன் வசப்படவில்லை என்பதற்குக் கயலின் கணக்கிலேயே பதில் இருக்கிறது.

4

ஒரு தகட்டின் மேல் காற்று ஓடுகிறது என்று வையுங்கள். தகட்டை ஒட்டிய காற்று நின்றுவிடும். சற்று மேலே மெதுவாகப் போகும், அதற்கும் மேலே தன் வேகத்தில் போகும். இந்த மந்தமான அடுக்கு விளிம்பில் மெல்லியதாகத் தொடங்கிப் போகப்போகத் தடிக்கும். நாலு மடங்கு தூரம் போனால் இரண்டு மடங்கு தடிப்பு. ஆனால் வேகம் கூடிக்கொண்டே போகிற அந்த வடிவம் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றேதான்.

“பிள்ளை சட்டையும் அப்பன் சட்டையும் மாதிரிம்மா,” என்று கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அளவுதான் வேற. வெட்டு ஒண்ணு.”

இடத்துக்கு இடம் புதிதாகக் கணக்குப் போட வேண்டாம். அளவை இழுத்தோ சுருக்கியோ பார்த்தால் எல்லாம் ஒரே கோட்டில் வந்து படியும். வெப்பமும் அப்படியே. இதற்கு ஒப்புமைத் தீர்வு என்று பெயர்.*

* பெயர் மறந்தாலும் பாதகமில்லை. சட்டையை மறக்காதீர்கள்.

போடியை அடுத்த முந்தல் பக்கம் கயல் புகுந்த வீட்டுக்கு ஓர் ஏலக்காய் உலர்த்தும் அறை உண்டு. விறகு அடுப்பு வைத்த அறை. ஒரு மூலை கருகும், ஒரு மூலை நமுத்துக் கிடக்கும். பச்சை மாறாமல் காய்ந்தால்தான் அது ஏலக்காய், சூடு மிஞ்சினால் பழுப்பு. கயல் அடுப்பை எடுத்துவிட்டு, நீளமாக ஒரு தகரக் கூண்டு அடித்தாள். ஒரு முனையில் ஹீட்டரும் விசிறியும் தள்ளுகிற சூடான காற்று நுழைந்து, வரிசையாக இருக்கும் தட்டுகளின் மேல் ஓடி, மறுமுனையில் வெளியேறும். முதலில் சின்னப் பெட்டியில் செய்து பார்த்தாள், பச்சையாகவே வந்தது. அதே வெட்டைப் பெரிதாக இழுத்தாள்.

வீட்டில் முடிவு சொல்கிறவள் மாமியார் அய்யம்மாள். சரி என்றாள், கூடவே ஒன்று சொன்னாள். “அம்மனுக்குன்னு வைக்கிற மொதத் தட்டு பழுப்பாச்சுன்னா கூண்டப் பிரிச்சுட்டு அடுப்பத் திரும்ப வச்சிருவேன். பெறகு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

5

இந்த அய்யம்மாளை நான் முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். நன்றாகவே கத்தினாள். படித்துப் பார்த்தால், நான் இதுவரை சொன்ன மாமியார்கள் அத்தனை பேரும் அவளுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். இழுத்தாலும் சுருக்கினாலும் அதே கோடு. காற்றுக்கு அது பெருமை, கதைக்கு அது நாசம். கிழித்துப் போட்டேன்.

எந்தக் கோட்டிலும் படியாத ஒன்று அவளிடம் இருந்தாக வேண்டும் என்று தேடினேன். இருந்தது: அம்மன் தட்டு. அந்த வீட்டில் பருவத்தின் முதல் பறிப்பில் முதல் தட்டு வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு. திரட்சியான காய்களாகப் பார்த்து அய்யம்மாளே பொறுக்குவாள். சூடு வருகிற வாசலிலேயே அந்தத் தட்டை வைப்பாள். எதுவும் முதலில் அம்மனைத் தொட்டுவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும்.

6

கயல் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கல்லூரிக்கு வந்த அன்றைக்கு, வகுப்பில் பவானி என்ற மாணவி கேட்டாள்.

“மேடம், சரியா விளிம்புலயே, தூரம் ஜீரோவா இருக்கிற எடத்துல என்ன ஆகும்?”

“வெப்பம் ஏறுற வேகம் அளவில்லாமப் போகும்னு வரும். நெசத்துல அப்படி இருக்காது. அங்கன இந்தத் தீர்வு செல்லாது, அவ்வளவுதான். அத விட்டுட்டு மேல பாப்போம்.”

வருடா வருடம் சொல்கிற பதில். இந்த முறை சொல்லி முடித்ததும் கயல் பலகையைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள். ‘அத விட்டுட்டு’ என்ற தன் சொல்லே உறுத்தியது. சின்னப் பெட்டியில் பழக்கத்தில் விளிம்பை விட்டுவிட்டுத்தான் காய் பரப்பியிருந்தாள். பெரிய கூண்டில் விளிம்பில் இருப்பது அம்மன் தட்டு. அங்கே சூடு எவ்வளவு மிஞ்சும் என்று அவள் பார்க்கவே இல்லை.

7

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் செய்த முதல் காரியம் போன்.

“அத்தை, மொதத் தட்ட மட்டும் வெளிய எடுத்துருங்க.”

அய்யம்மாளின் குரல் எனக்கே கேட்டது. “சாயங்காலம் வரைக்கும் கதவத் தொறக்கப்பிடாதுன்னு சொன்னது ஆரு?”

“நாந்தேன். இப்ப நானே சொல்றேன்ல.”

“காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. கதவுக்குப் போட்ட கொண்டிய ஒன் வாய்க்குப் போட்டிருக்கணும்த்தா.”

“அவுக இல்லையா அங்கன?”

“எம்மகன் மலைல நிக்கிறான், டவர் கெடைக்காது. கெடைச்சாலும் ஒன்னயக் கேட்டுத்தேன் மூச்சு விடுவான்.”

முன் சீட்டுக்காரர் சிரித்தார். கயல் சிரிக்கவில்லை.

“அம்மன் தட்டு கருகிருமா? அதச் சொல்லு.”

“தெரியல அத்தை.”

“என்னது?”

“அந்த எடத்துல என் கணக்கு செல்லாது. என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது.”

 போனை வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

“கூண்டு அடிச்ச நாள்லருந்து தெரியும் தெரியும்னே. இன்னைக்குத்தேன் தெரியாதுன்னு ஒரு வார்த்த வருது,” என்றாள் அய்யம்மாள். குரலில் கோபமா வேறெதுவுமா, எனக்குப் பிடிபடவில்லை. “வா. நீ வந்து சேரு. அதுவரைக்கும் தொறக்க மாட்டேன். ரெண்டு பேருமாப் பாப்போம்.”

8

முடிவுகள்.

அ. பழுப்பு. கூண்டு பிரிகிறது. தகரத்தைக் கழற்றும் சத்தம் வரை எழுதினேன், அதற்குமேல் கை போகவில்லை.

ஆ. பச்சை. அம்மன் காப்பாற்றிவிட்டாள். இதை எழுதினால் வீரபாண்டியில் எனக்கு மரியாதை கூடும். ஆனால் என் கதையின் ஓட்டையை அடைக்க அம்மனைக் கூப்பிடுவேனா?

இ. அய்யம்மாள் ஒரு பழுப்புக் காயை எடுத்து, வாயில் போட்டு மென்று, மருமகளைப் பார்த்து [

இது எனக்கு ரொம்பப் பிடித்தது. பிடித்ததனாலேயே நிறுத்திவிட்டேன்.

கயல் சொன்ன தீர்வு நடுவில்தான் மெய். தகடு தொடங்குகிற இடத்தில் செல்லாது, முடிகிற இடத்திலும் செல்லாது. எனக்குக் கிடைத்ததும் நடுதான்: தேனியிலிருந்து போடி வரை. போடியில் அவள் எழுந்தபோது, “இதக் கதையா எழுதிக்கிறட்டுமா?” என்று கேட்டேன்.

“எழுதுங்கம்மா. மொதத் தட்ட மட்டும் விட்டுறாதீக,” என்று சொல்லிவிட்டு ஆட்டோவைப் பார்த்து ஓடினாள்.

ஆகவே கண்ணுகளா, எடுத்து வைத்ததை இப்போது வைக்கிறேன்.

1

[கயல் சொன்னது பாதி, என் கை பாதி.]

காலையில் அய்யம்மாள் ஈரத் தலையோடு கூண்டின் வாசலில் உட்கார்ந்து, காய்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“கொட்டிப் பரப்புனாப் போதும் அத்தை.”

“கொட்டுறதுக்கு இது மாட்டுத் தீவனமா?”

தட்டு நிறைந்தது. ஒரு காய்க்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். கையில் மீந்த அந்தக் காயைக் கயலின் உள்ளங்கையில் வைத்தாள். “இத நீ வையி. ஒன் கூண்டுதான?”

கயல் யோசிக்கவில்லை. காற்று முதலில் தொடுகிற ஓரத்திலேயே வைத்தாள். இருவருமாகத் தட்டை உள்ளே தள்ளினார்கள், கதவைச் சாத்தினார்கள்.

இப்போது சாயங்காலம். வாசலில் ஆட்டோ நிற்கிறது. அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் நிற்கிறார்கள். யார் கையும் கொண்டிக்குப் போகவில்லை. நீங்கள் திறங்கள். இரும்புக் கொண்டி, உள்ளே இருக்கிற சூடு அதிலும் ஏறியிருக்கும். துணியை வைத்துப் பிடியுங்கள்.