சாங்கெங் பெயர் எழுதிய பலகை

படம் பிடிக்க வந்தவர்கள் மலையடிவாரத்துக் கஷ்கொட்டைத் தோப்பில் பதுங்குகுழி தோண்ட ஆரம்பித்த நாளிலிருந்து ஃபெங்ஷியனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எழுபத்தாறு வயது. முழங்கால் வலி வேறு. ஆனாலும் காலைக் கஞ்சியைக் குடித்த கையோடு தோப்புக்குக் கிளம்பிவிடுவாள். நாற்பத்தெட்டாம் வருஷ உள்நாட்டுச் சண்டையில் செத்து, நாதியில்லாமல் மறந்துபோன சிப்பாய்களைப் பற்றிய படமாம். அந்த வருஷத்தைப் பற்றி அவளுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த இலையுதிர் காலத்தில்தான் அவளுக்கும் சிப்பாய் சாங்கெங்குக்கும் கல்யாணம் ஆனது. மூன்றே மாதம். நன்றாகச் சிரிப்பான் மகராசன். பழுத்த சீமைப் பனிச்சைப் பழத்தை உறிஞ்சித் தின்றுவிட்டு, ஒட்டும் கையோடு அவள் பின்னலைப் பிடித்து இழுப்பான். படை கிளம்பும்போது போட்டுக்கொண்டு போகட்டும் என்று காலணிக்குள் வைக்கும் துணி மெத்தை ஒரு ஜோடி தைத்துக்கொண்டிருந்தாள். கடைசித் தையல் போடுவதற்குள் படை கிளம்பிவிட்டது. மெத்தையைக் கையில் பிடித்தபடி தெருமுனை வரை ஓடினாள். புழுதிதான் மிச்சம்.

பிறகு ஒரு கடிதாசி வந்தது. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. காணவில்லை என்று ஒரே வரி. செத்தவர்கள் வீட்டுக் கதவில் தியாகி குடும்பம் என்று சிவப்புப் பலகை அடித்தார்கள். இவள் கதவில் ஒன்றும் இல்லை. ஓடிப்போயிருப்பான் என்று ஊர் முணுமுணுத்தது. நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும். அவள் அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றிப்போனாள்.

ஐந்து வருஷம் கழித்துக் கழுதை வண்டிக்காரர் ஃபானைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனுஷர். ஒரே ஒரு குறை, சாங்கெங்கின் பெயரை வாயால் சொல்லமாட்டார். சொல்ல வேண்டி வந்தால் 'அந்த ஆளு' என்பார். மெத்தை ஜோடி பெட்டிக்கடியில் இருப்பது தெரிந்தும், பார்க்காத மாதிரியே ஐம்பது வருஷத்தை ஓட்டிவிட்டார்.

படக்காரர்கள் பிணமாகக் கிடக்க ஆள் தேடியபோது ஃபானும் போனார். தூரத்தில் கிடக்கும் பிணத்துக்கு வயசு தெரியவா போகிறது? இரண்டு நாள் சேற்றில் கிடந்தார். நடுவில் குறட்டை விட்டுத் திட்டும் வாங்கினார். செத்தவனாக நடித்த பீடை கழியட்டும் என்று வழக்கப்படி பத்து யுவானைச் சிவப்பு உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

புதைக்கும் காட்சிக்கு நூறு மரப்பலகை தயாரானது. அவற்றில் பெயர் எழுதிக்கொண்டிருந்த லுவான் என்ற பெண்ணிடம் ஃபெங்ஷியன் போய் நின்றாள். நிஜமான பெயர் எழுதினால் ஆகாது, எல்லாம் கற்பனைப் பெயர்தான் என்றாள் லுவான்.

"உயிரோட இருக்கறவன் பேரை எழுதினாத்தாம்மா ஆகாது. அவன் செத்து அம்பத்தெட்டு வருஷமாச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் பேரு நாலு பேர் கண்ணுல படட்டும்," என்றாள் ஃபெங்ஷியன்.

லுவான் தூரிகையை மையில் தோய்த்து, குடும்பப் பெயரும் சேர்த்து ச்சி சாங்கெங் என்று அழகாக எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஃபான் எழுந்து போய்விட்டார். படப்பிடிப்பு முடிந்ததும், ஆவி தங்கக்கூடாதென்று பலகைகளையெல்லாம் குவித்துக் கொளுத்தினார்கள். அதனாலென்ன, படத்தில் இருக்குமே என்று ஃபெங்ஷியன் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த வருஷம், கல்லறைகளைச் சுத்தம் செய்யும் சிங்மிங் நாளுக்கு முந்தின நாள், படம் நகரத்துக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க ஃபான் மண்வெட்டியோடு காலையில் போய் மண்ணும் சேறுமாகத் திரும்பிக்கொண்டிருந்தார். கேட்டால் கன்று நடுகிறேன் என்றார். அவள் இருந்த இருப்பில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓடிப்போனவன் என்று சொன்ன வீட்டுப் பெண்களையெல்லாம் பகல் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்; ஃபானும் கூடவே வந்தார். மெத்தை ஜோடியை உள்பையில் வைத்திருந்தாள்.

புதைக்கும் காட்சி வந்தது. கேமரா பலகைகளின் பக்கம் வரவேயில்லை. மேலே மேலே ஏறிப் பனிமலையைக் காட்டியது. பலகைகள் குத்தி வைத்த குச்சிகளாகத் தெரிந்தன. அவ்வளவுதான், படம் முடிந்தது. பக்கத்தில் இருந்தவள், எந்தப் பலகை அத்தை என்று கேட்டாள்.

திரும்பும் பேருந்தில் அவள் அழுதுகொண்டே வந்தாள். இரண்டாம் தடவையும் அவனைத் தொலைத்துவிட்டேனே என்று புலம்பினாள். ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே ஃபான் அவளைக் கைபிடித்து இறக்கினார். அங்கேதான் அவர்களுடைய இடுகாடு. உயிரோடிருக்கும்போதே தங்கள் இருவருக்கும் இரண்டு குழி கட்டி வைத்திருந்தார்கள்.

இப்போது அங்கே மூன்று குழி இருந்தது. புதுக்குழியின் தலைமாட்டில் ஒரு பலகை. ஒரு மூலை கருகியிருந்தது. ச்சி சாங்கெங்.

"எரிக்கறவனுக்கு நான் செத்த காசுல சிகரெட் வாங்கிக் குடுத்தேன்," என்றார் ஃபான். "ஒரு வருஷமா கொட்டில்ல வைக்கோலுக்கு அடியில கெடந்துச்சு. படத்துல வந்துட்டா உனக்கு இது எதுக்குன்னு பாத்தேன். ஆனாலும் மனசு கேக்கல, தோண்டி வெச்சுட்டேன்."

அவள் குழிகளைப் பார்த்தாள். புதுக்குழி அவளுடைய குழிக்கு அந்தப் பக்கம், அவருடையது இந்தப் பக்கம்.

"நடுவுல நீ படுத்துக்க, கெழவி. ரெண்டு பேரையும் திட்டறதுக்கு வசதியா இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் அடங்கவில்லை. உடம்பு கிடைக்காதவனுக்கு அவன் துணியைத்தான் புதைப்பார்கள். அவள் உள்பையைத் தொட்டுக்கொண்டு தயங்கினாள். ஃபான் குழி விளிம்பில் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினார்.

"குடு. பனியில நடந்த காலு. சாங்கெங்குக்குக் குளிரும்."