வாலில் ஓர் ‘ஆம்’

அருங்காட்சியகத்தில் அவருக்கு வேலை, கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டைகளை எழுதுவது. ஒரு பொருளுக்கு ஓர் அட்டை, ஓர் அட்டைக்கு நாற்பது சொல். நாற்பத்தொன்றாவது சொல்லை யாரும் படிக்க மாட்டார்கள் என்பது மேலிடத்தின் நம்பிக்கை. இருபதிலேயே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம்.

பதினாறு வருடமாக அவர் ஒரே ஓர் எதிரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ‘ஆம்’ என்பது அதன் பெயர். வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு, சொல்கிறவன் நைசாகப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க உதவுகிற சங்கதி. ராஜா இருந்தாராம், சிங்கத்தைக் கொன்றாராம். யார் பார்த்தது? ஆதாரம் இருந்தால் ‘இருந்தார்’ என்று எழுது, இல்லையென்றால் பேசாமல் இரு. இதுதான் அவர் கட்சி. கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு ‘ஆம்வெட்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காபி மிஷின் ரிப்பேராம் என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் போதும், “ரிப்பேரா, ரிப்பேராமா?” என்று கேட்டு உயிரை வாங்குவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் வீட்டுக்குப் போனதும் மூச்சுக்கு முந்நூறு ‘ஆம்’ போடுவார் என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டில் ஏழு வயது மகள் இருந்தாள். அவளுக்கு இரண்டு வயதாகும்போது மனைவி இறந்துவிட்டாள். மூன்று வயதில், அம்மா எங்கே என்று குழந்தை முதல்முறை கேட்டு அழுதபோது வெளியே தூறிக்கொண்டிருந்தது. வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார்.

“ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தாங்களாம். அவங்களுக்கு மேகம்னா ரொம்பப் பிடிக்குமாம். ஒருநாள் மேல ஏறிப் போய் மழையாயிட்டாங்களாம்.”

குழந்தை அழுகையை நிறுத்தியது. அவருக்கும் அன்றைக்குத் தப்பித்தோம் என்று இருந்தது. உண்மையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த அப்புறம் நான்கு வருடமாக வரவே இல்லை.

பள்ளிவிட்டு வந்ததும் மகளைப் பார்த்துக்கொள்வது மாடி வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா. அக்காவுக்கு ஒரே ஒரு புகார்தான்.

“மழை வந்தாப் போதும், உன் பொண்ணு ஜன்னலைத் திறந்து போட்டுடறா. ஹாலே குளமாயிடுது. நீ ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?”

கேட்பார். மகள் நழுவி ஓடிவிடுவாள். சரி, வாலுத்தனம் என்று நினைத்துக்கொண்டு பழைய துணியை எடுத்துத் தரையைத் துடைப்பார்.

இந்த மாதம் அவர் மேஜைக்கு வந்தது ஒரு ஜோடி மரச்செருப்பு. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. பழைய அரண்மனையில் இருந்த மூத்த இளவரசியுடையது. அதன் கதையை ஊரே சொல்லும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவள் குருவியாகி ஜன்னல் வழியே பறந்துபோனாளாம்.

“அதையே அட்டையில போட்டுடுங்க சார்,” என்றார் இயக்குநர் மேடம். “ஒரே ஒரு ‘ஆம்’தானே? கத்தியை எடுத்துடாதீங்க.”

“பார்க்கிறேன் மேடம்.”

பார்க்கிறேன் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது மேடத்துக்கும் தெரியும்.

இரண்டு நாள் தேடி, அரண்மனை வைத்தியரின் குறிப்பேட்டைப் பிடித்துவிட்டார். ‘மூத்தவளுக்கு ஒன்பது நாள் காய்ச்சல். பத்தாம் நாள் காலை இறந்தாள். வயது ஆறு. இளையவள் கேட்டதற்கு, அக்காள் குருவியாகிவிட்டாள் என்று ராணி சொன்னார்.’

அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்க்கதை பிறந்த நாளே கையில் சிக்கிவிட்டதே! முப்பத்தெட்டே சொல்லில் அட்டையை எழுதி முடித்தார். அதோடு எழுந்து போயிருக்கலாம். சும்மா இருக்க முடியாமல் மீதிப் பக்கங்களைப் புரட்டினார், அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

நாற்பத்தொரு வருடம் கழித்து, அந்த வைத்தியரின் மகன் எழுதிய குறிப்பு அது. ‘இளைய இளவரசிக்கு வலது தோளில் வலி. கை மேலே எழவில்லை. காரணம் கேட்டேன். தினமும் காலையில் உயரமான ஜன்னல் விளிம்புக்கு எட்டித் தானியம் வைக்கிறாராம். தைலம் கொடுத்து, இனி எட்டக் கூடாது என்றேன். அக்காள் வருகிற அன்றைக்குத் தானியம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.’

மூன்று முறை படித்தார். நடுவில் ஓர் ‘ஆம்’ இருந்தது. அதை வெட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஜன்னல் என்ற சொல்லிலேயே அவர் கண் நின்றுவிட்டது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அட்டையை அப்படியே போட்டுவிட்டு, பெர்மிஷன் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் மகள் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எட்டி எட்டி ஜன்னல் கொக்கியைத் தள்ளினாள். கொக்கி விட்டது. சாரல் முகத்தில் அடித்தது.

“யாருக்குடா திறக்கிற?”

“அம்மாவுக்கு.” இதுகூடவா தெரியாது என்கிற குரல். “மூடியிருந்தா எப்படி உள்ள வருவாங்க?”

அவர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மகளை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அம்மா மழையாகலடா. அவங்களுக்கு ரத்தத்துல ஒரு நோய் வந்துச்சு. ஆஸ்பத்திரியில இருந்தாங்க. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில செத்துப் போயிட்டாங்க.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். யார் மகள்!

“போயிட்டாங்களா, போயிட்டாங்களாமா?”

“போயிட்டாங்க.”

“நீ பார்த்தியா?”

“பார்த்தேன். பக்கத்துலதான் இருந்தேன். கையைப் பிடிச்சிட்டிருந்தேன்.”

அதற்கப்புறம்தான் அழுதாள். அவரும் அழுதார். அன்றைக்கு யாரும் தரையைத் துடைக்கவில்லை.

கடைசியில் அவளே எழுந்து ஸ்டூலில் ஏறி ஜன்னலைச் சாத்தினாள். கொக்கியை மட்டும் அவர் போட்டார். இருவரும் சோபாவில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்தார்கள்.

“அப்பா, கதை சொல்லு.”

“எந்தக் கதை?”

“அம்மா மழையான கதை.”

“அது பொய்னு இப்பத்தானே சொன்னேன்…”

“பொய் இல்ல, கதை. சொல்லு.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தாங்களாம்…”

மகள் சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள்.

“இருந்தாங்களாம் இல்லப்பா, இருந்தாங்க. மத்ததுக்கெல்லாம் ‘ஆம்’ போட்டுக்கோ.”